நல்ல போலீஸ் என்ன செய்தார்? ‘விசாரணை’யை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

அரசியல் த்ரில்லர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பாராட்டுகள் தவறாமல் வரும். ‘இதில் யாரும் முழு நல்லவனும் இல்லை, முழுக் கெட்டவனும் இல்லை’ என்பது ஒன்று. ‘அப்படியே யதார்த்தம்’ என்பது இன்னொன்று. இரண்டையும் மலிவாக வாங்கிவிடலாம். நாயகனுக்குக் கொஞ்சம் குடிப்பழக்கமும் பழைய குற்ற உணர்வும் கொடுத்தால் முதல் பாராட்டு கிடைத்துவிடும். பாட்டை எடுத்துவிட்டு, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினால் இரண்டாவதும் வந்துவிடும். ஆனால் இந்தப் பாராட்டுகளுக்கு உண்மையிலேயே தகுதியான படங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தத் தகுதி அதற்கு எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்க நினைக்கிறேன். வெற்றிமாறனின் ‘விசாரணை’தான் அந்தப் படம். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன் என்பதால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் படத்தைப் பற்றிய விவரங்கள். 2015 செப்டம்பரில் 72ஆவது வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிசோந்தி பிரிவில் திரையிடப்பட்டது. அங்கே மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் இத்தாலியப் பிரிவு தரும் விருதைப் பெற்றது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு 2016 பிப்ரவரி 5 அன்று வந்தது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த துணை நடிகர் (சமுத்திரக்கனி), சிறந்த படத்தொகுப்பு (கிஷோர்) என மூன்று தேசிய விருதுகள். படத்தொகுப்பாளர் கிஷோர் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டதால் அந்த விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுதான்.

ஆட்டோ ஓட்டுநர் எழுதிய புத்தகம்

படத்தின் வேர் மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’. கோவையில் ஆட்டோ ஓட்டியவர், ‘ஆட்டோ சந்திரன்’ என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். வேலை தேடி ஊர் ஊராகப் போன இளம் வயதில், 1983இல், ஆந்திராவின் குண்டூரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடைத்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்தார்கள். அதைத்தான் பல ஆண்டுகள் கழித்து எழுதினார்.

படத்தின் முதல் பாதி இந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது. இரண்டாம் பாதி, அதாவது ஆடிட்டர் கே.கே.யின் கடத்தல், சென்னைக் காவல் நிலையம், அந்த இரவு எல்லாம் வெற்றிமாறன் சேர்த்தவை. இந்தச் சேர்க்கைதான் ஒரு துயரக் கதையை அரசியல் த்ரில்லராக மாற்றியது. புத்தகத்தோடு நிறுத்தியிருந்தால் படம் நேர்மையான ஆவணமாக இருந்திருக்கும், ஆனால் நமக்கு இதமாகவும் முடிந்திருக்கும். அடி வாங்கினார்கள், வெளியே வந்தார்கள், அயோக்கியர்கள் வேறு ஊர்க்காரர்கள் என்று நாமும் வீட்டுக்குப் போயிருப்போம்.

ஒரு ஒப்புதல் எப்படித் தயாராகிறது

குண்டூரில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் பாண்டி (அட்டகத்தி தினேஷ்), பூங்காவில் அவனோடு படுத்துத் தூங்கும் நண்பர்கள் முருகன், அப்சல், குமார். செல்வாக்குள்ள ஒருவர் வீட்டில் திருட்டு போயிருக்கிறது. கேஸை முடிக்கச் சொல்லி மேலிருந்து நெருக்குகிறார்கள். கேட்க ஆளில்லாத நான்கு பேர் கையில் கிடைக்கிறார்கள். இதற்குப் பின் வரும் அடியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். லத்தி முதுகில் விழும் சத்தம் பல நாள் காதில் நின்றதாகப் பலர் சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அந்த அடிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் சொன்னாலும், மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சொல்லியிருந்தால் தவிர அது செல்லாது என்பது 26ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டாலும் இந்த விதிகளின் சாரம் அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் எதற்காக அடிக்க வேண்டும்? நீதிபதி முன்னால் நின்று இவர்களே வாயால் ‘ஆமாம், நாங்கள்தான்’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காக. ஸ்டேஷனில் நடக்கும் அத்தனை சித்திரவதையும் நீதிமன்றத்தில் வரப்போகும் சில நிமிடங்களுக்கான ஒத்திகை. கைதியைக் காப்பாற்ற எழுதிய விதி, அடியின் இலக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆவது கூறு சொல்கிறது. அதற்குப் படம் காட்டும் பதில் எளிமையானது: கைது என்று எழுதினால்தானே கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்?

யதார்த்தம் என்று நான் சொல்வது இதைத்தான். ரத்தம் எவ்வளவு நிஜமாகத் தெரிகிறது என்பது மேக்கப்காரரின் திறமை. ஒரு கேஸ் எந்தெந்தப் படிகளில் ஜோடிக்கப்படுகிறது, எந்தப் படியில் யாருக்கு என்ன அவசரம் என்பது தெரிந்து எழுதப்பட்டிருந்தால் அது கதாசிரியரின் யதார்த்தம். குண்டூர் இன்ஸ்பெக்டர் (அஜய் கோஷ்) வெறி பிடித்தவர் மாதிரி அடிக்கிறார், நிஜம்தான். ஆனால் அவருக்கு இவர்கள் மேல் தனிப்பட்ட கோபம் ஏதும் இல்லை. அவருக்கு ஒரு கெடு இருக்கிறது. கெடுவுக்குள் கேஸ் முடிய வேண்டும்.

தமிழில் பேசியவர்

நீதிமன்றத்தில் நால்வரும் கடைசி நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அங்கே வேறு வேலையாக வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் (சமுத்திரக்கனி) எழுந்து இவர்கள் சொல்வதைத் தெலுங்கில் எடுத்துச் சொல்கிறார். விடுதலை.

அந்த இடத்தில் திரையரங்கு மொத்தமும் மூச்சு விட்டது. நம்ம ஆள் வந்துவிட்டார், நம்ம பாஷை பேசுகிறார், இனி பயமில்லை. இந்தப் படத்தின் மிகக் கூர்மையான அரசியல், நமக்குள் எழும் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெலுங்கு போலீஸை அரக்கர்களாகக் காட்டிவிட்டதாக முதல் பாதியைக் குறை சொன்னவர்கள் உண்டு. இரண்டாம் பாதி அந்தக் குறைக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அங்கே உடம்பை உடைத்தார்கள், உயிரோடு விட்டார்கள். இங்கே தமிழில் பேசி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நன்றியுணர்ச்சியோடு ஸ்டேஷனைக் கழுவ வைத்து, பிறகு கொல்கிறார்கள்.

முத்துவேல் அவர்களுக்கு உதவியது இரக்கத்தாலா, தேவையாலா? படம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. சரணடைய வந்திருக்கும் ஆடிட்டர் கே.கே.யை (நடிகர் கிஷோர்) நீதிமன்ற வளாகத்திலேயே தூக்க வேண்டும், உள்ளூர் போலீஸ் துணைக்கு வராது. விடுதலையான அந்த நான்கு பேரும் கை கொடுக்கிறார்கள். செய்ந்நன்றி என்கிற நல்ல குணம், என்ன ஏது என்று தெரியாமலே அவர்களை ஒரு ஆள் கடத்தலில் பங்காளிகளாக்கிவிடுகிறது. தவறு எது, உதவி எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அவகாசமே தரப்படவில்லை.

குமார் மட்டும் ஊர் திரும்பும் வழியிலேயே வண்டியிலிருந்து இறங்கிவிடுகிறான். சந்திரகுமாரின் பெயரில் பாதி இவனுக்கு. இறங்கியவன் பிழைத்தான், எழுத ஆளிருந்தது.

முத்துவேல் எடுத்த முடிவுகள்

இந்த ஆய்வின் மையம் இவர்தான். ஆகவே அவர் செய்தவற்றை வரிசையாகவே பார்த்துவிடலாம்.

கே.கே. சாதாரணக் குற்றவாளி இல்லை. அரசியல்வாதிகளின் கணக்கில் வராத பணம் எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்த ஆடிட்டர். அவரைப் பிடித்துக்கொண்டு வருவது ஒரு கட்சி இன்னொரு கட்சியின் கழுத்தைப் பிடிக்கும் வேலை என்று முத்துவேலுக்குத் தெரியும். தெரிந்தே போகிறார், அது அவருடைய டூட்டி. ஒரு அதிகாரி உத்தரவை நிறைவேற்றுவதில் என்ன தப்பு என்று அவர் கேட்டால் நம்மிடமும் சட்டென்று பதில் இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்தபின் மேலதிகாரிகள் கே.கே.யைக் கையாளும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. முகம் சுளிக்கிறார், ஆனால் அறையை விட்டு வெளியேறுவதில்லை. கே.கே. விசாரணையில் இறந்துபோகிறார். அது தற்கொலையாக மாற்றப்படும்போது முத்துவேலும் உடன் இருக்கிறார். ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இப்போது அந்தப் பொய்க்குக் காவல் வேண்டும். ஸ்டேஷனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மூன்று கூலித் தொழிலாளிகள் எதையாவது கேட்டிருப்பார்களோ? கேட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, சந்தேகமே போதும். வேறொரு திருட்டுக் கேஸில் இவர்களைச் சேர்த்து என்கவுன்டரில் முடித்துவிடலாம் என்று முடிவாகிறது. முத்துவேல் மறுக்கிறார். மறுப்பு நிஜமானது. அவர் வேதனையும் நிஜமானது. ஆனாலும் அவர் அந்த வண்டியில் ஏறுகிறார்.

ஒவ்வொரு படியிலும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். நேராக வந்து ‘மூன்று நிரபராதிகளைக் கொல்’ என்றால் இவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. முதலில் ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். அப்புறம் ஒரு காகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஏறிய ஏணி பின்னால் இல்லை என்று தெரியும்போது அவர் ஏற்கெனவே குற்றவாளி.

சமுத்திரக்கனிக்கு அந்த விருது ஏன் பொருத்தம் என்றால், மற்ற படங்களில் நீதி சொல்லும் ஆளாகவே நாம் அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த முகம் இங்கே நீதி தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறது. கடைசியில் சதுப்பு நிலத்தில் நடக்கும் அந்தத் தேடலில் முத்துவேலையும் சக போலீஸே சுட்டுவிடுகிறது. தயங்கிய ஒருவர் நாளைக்குச் சாட்சியாகிவிடக்கூடும் அல்லவா. பாண்டிக்கு நடந்ததும் அவருக்கு நடந்ததும் ஒரே காரணத்துக்காக: இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே அறச்சிக்கல் ஒருவரின் குணக்கலவையாக இல்லை, அவர் நிற்கும் இடமாக இருக்கிறது. முத்துவேல் படம் முழுக்க நல்லவர்தான். அந்த நல்ல குணத்தால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

பி.சி.ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ (1995), கோவிந்த் நிஹலானியின் இந்திப் படமான ‘துரோஹ்கால்’ (1994) படத்தின் மறு ஆக்கம். அதிலும் பாட்டு கிடையாது, அதிலும் நேர்மையான போலீஸ் அதிகாரி விழுகிறார். ஆனால் அங்கே ஆதி உடைவது குடும்பத்துக்கு வந்த மிரட்டலால். எதிரி வெளியே இருக்கிறான், அவனுக்கு ஒரு முகமும் வாதமும் இருக்கின்றன. அது ஒரு தனி மனிதனின் தாங்குசக்தி பற்றிய படம், தன் அளவில் மிகச் சிறந்த படம். முத்துவேலை யாரும் மிரட்டி உடைக்கவில்லை. அலுவலக நடைமுறையே அவரை உடைத்துவிட்டது.

அதே நிஹலானி 1983இல் எடுத்த ‘அர்த் சத்யா’ இன்னும் நெருங்கி வருகிறது. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் இருந்த ஆண்டிலேயே வந்த படம். சப்-இன்ஸ்பெக்டர் வேலங்கர் லாக்கப்பில் ஒரு சில்லறைத் திருடனை அடித்தே கொன்றுவிடுகிறார், தப்பிக்க அரசியலில் இறங்கிய தாதாவிடம் போய் நிற்க வேண்டியதாகிறது. கடைசியில் அவனைக் கொன்றுவிட்டுச் சரணடைகிறார். பார்ப்பவர்களுக்கு ஒரு வடிகால் கிடைத்துவிடுகிறது. லாக்கப்பில் செத்த அந்தத் திருடனின் பெயர் நமக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ‘விசாரணை’ கேமராவை அந்தத் திருடன் இருந்த பக்கத்தில் வைக்கிறது.

பெயர்களைச் சொல்வதா மறைப்பதா என்பதிலும் இந்தியப் படங்கள் ஒரே மாதிரி இல்லை. 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றிய அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃப்ரைடே’ நிஜப் பெயர்களையே பயன்படுத்தியது, விசாரணை என்ற பெயரில் சந்தேக நபர்களின் உறவினர்களுக்கு நடந்த கொடுமையையும் காட்டியது. வழக்கில் தீர்ப்பு வரும்வரை நீதிமன்றம் வெளியீட்டை நிறுத்திவைத்ததால் 2004இல் தயாரான படம் 2007 பிப்ரவரியில்தான் வந்தது. ‘மெட்ராஸ் கஃபே’ (2013) விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெயரையும் அதன் தலைவரின் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆனாலும் யாரைச் சொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பி இங்கே திரையிடப்படவே இல்லை. ‘விசாரணை’ மூன்றாவது வழியில் போகிறது. கட்சிக்குப் பெயர் இல்லை, தலைவருக்கு முகம் இல்லை, போனில் வரும் அழுத்தம் மட்டும் உண்டு.

கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியது மலையாளத்தின் ‘நாயாட்டு’ (2021) பற்றி. மார்ட்டின் பிரக்காட் இயக்கம். எழுதியவர் ஷாஹி கபீர், முன்பு போலீஸில் வேலை பார்த்தவர். ஒரு வாகன விபத்தில் தலித் இளைஞர் ஒருவர் இறக்க, தேர்தல் நேரத்துக் கணக்குகளால் மூன்று போலீஸ்காரர்கள் ஓடி ஒளிய வேண்டியதாகிறது. வேட்டையாடிய அமைப்பே தன் ஆட்களை வேட்டையாடுவது என்கிற அளவில் முத்துவேலின் கதையை இது விரித்து எழுதுகிறது. காவல்துறைக்குள் பேச்சு, படிநிலை, பயம் எல்லாம் உள்ளிருந்து வந்தவரின் கைப்பட எழுதப்பட்டவை என்று பார்த்த உடனே தெரியும். ஆனால் எனக்கு இதில் ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. ஓடுகிறவர்களில் இருவர் தலித்துகள்தான் என்றாலும், படத்தில் அரசை ஆட்டிப்படைக்கும் சக்தியாகத் தெரிவது தலித் அமைப்பு ஒன்றின் ஓட்டு பலம். நாட்டில் அந்தச் சமூகத்துக்கு ஸ்டேஷன் வாசலில் கிடைக்கும் மரியாதை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். நடைமுறையில் அவ்வளவு துல்லியமான ஒரு படம் அதிகாரக் கணக்கில் இப்படிச் சறுக்க முடியும் என்றால், விவரங்களின் துல்லியத்தை மட்டும் வைத்து ஒரு படத்தை யதார்த்தம் என்று சொல்லிவிடக் கூடாது.

‘விசாரணை’யின் பலவீனங்கள்

இந்தப் படத்திடமும் எனக்குக் குறைகள் உண்டு. சிக்கலான அறம் முழுவதும் போலீஸ் பக்கத்துக்கே கொடுக்கப்பட்டுவிட்டது. பாண்டியும் நண்பர்களும் தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருக்கிறார்கள். ஒருவேளை அவர்களில் ஒருவன் உண்மையிலேயே சின்னதாகத் திருடியிருந்தால்? அப்போதும் அந்த அடி தவறுதான் என்று சொல்லும் துணிச்சல் படத்துக்கு இருந்திருக்க வேண்டும். நிரபராதியை அடித்தால் நமக்குக் கண்ணீர் வருகிறது. குற்றவாளியை அடித்தால் கைதட்டுகிறோம், அதைக் கொண்டாடுவதற்கென்றே எத்தனையோ போலீஸ் படங்கள் வந்திருக்கின்றன. அந்தக் கைதட்டலை ‘விசாரணை’ தொடவில்லை. ஆனந்தி நடித்த சாந்தி பாத்திரமும் பாண்டிக்கு ஓர் ஆசை இருந்தது என்று காட்ட மட்டுமே வந்து போகிறது.

முகமில்லாத அரசியல்வாதிகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். மேலிடம் கண்ணில் படாமல் இருப்பதுதான் நிஜம், ஸ்டேஷனில் இருப்பவனுக்கு அது ஒரு போன் அழைப்பு மட்டுமே. அதேசமயம், அந்த மறைவு அவர்களுக்கு வசதியாகவும் போய்விடுகிறது. எல்லாப் பழியும் காக்கிச் சட்டையோடு நின்றுவிடுகிறது.

படத்துக்கு வெளியே

2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில் ஒரு வீட்டில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வங்கிக் கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்ட வடமாநிலத்தவர்கள். அதன்பின் நகரத்தில் வேலைக்கு வந்திருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோர் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. படம் வந்தபோது பலருக்கும் அந்தச் செய்தி நினைவுக்கு வந்தது. ‘விசாரணை’ அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறது: வேறு ஊரில், பாஷை தெரியாமல், பூங்காவில் தூங்குகிறவன் தமிழன். அவன் இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டு, பிறகு நம் ஊருக்கே அழைத்துவருகிறது.

என்கவுன்டர் மரணம் ஒவ்வொன்றையும் எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் 16 நெறிமுறைகளை வகுத்தது. கைதின்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை டி.கே.பாசு வழக்கில் 1996லேயே 11 விதிகளாகச் சொல்லிவிட்டது. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி அளிக்கவில்லை.

படம் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்று அழைத்துப் போகப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் காவலில் கடுமையாகத் தாக்கப்பட்டு இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம், அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் பார்த்ததைச் சொன்னார். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதே ஸ்டேஷன், அதே சக ஊழியர்கள், முத்துவேலுக்கு இருந்ததைவிடச் சிறிய பதவி. அவருக்கும் குடும்பத்துக்கும் போலீஸ் பாதுகாப்பு தர வேண்டியிருந்தது. ஒரு சாட்சி எந்தத் துறையைப் பற்றிச் சொன்னாரோ, அந்தத் துறைதான் அவர் வீட்டு வாசலில் காவலுக்கு நின்றது.